புரோகிராமுக்கு விட்ட ஆயுத பூஜை லீவு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். சின்னக் கடைகளின் கம்ப்யூட்டரில் இருப்பதைத் தினமும் நகலெடுத்து க்ளவுடில் வைப்பதும், அந்த நகலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் தொழில். பார்ப்பது நான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பார்ப்பது ஒரு புரோகிராம். ஏபிஐ என்கிற வாசல் வழியாக, வைரஸ் தேடும் கம்பெனியிடம் அது நகலைக் கொடுத்து பதிலை வாங்கி வரும். அந்தப் பதிலைப் பார்த்துத் தலையாட்டுவது என் பொறுப்பு.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி க்ளீனர், வடபழனி மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவன், வேளச்சேரியில் வாட்ச்மேன். அங்கே மழைவெள்ளம் என் அறைக்குள் புகுந்து டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோனது. பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை; வெள்ளத்துக்குத்தான் ஏமாற்றம். இந்த ஆபீஸுக்கும் வாட்ச்மேனாகத்தான் வந்தேன். புரோகிராமை எழுதியவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார்: ‘க்ளீன்’ என்று வந்தால் விட்டுவிடு, ‘இன்ஃபெக்டட்’ என்று சிவப்பாக வந்தால் முதலாளியிடம் சொல். இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நிபுணனாக நடமாடினேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, “இன்னிக்கு எதையும் தொடக்கூடாது” என்றார் முதலாளி. புரோகிராம் மட்டும் எங்கோ உழைத்துக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்குப் பொட்டு வைக்க உடம்பு கிடையாது. அதனால் அதன் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, குங்குமம் வைத்து, ஸ்கேனை நிறுத்திவைத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர்களை ஆன் செய்தேன், சந்தனத்தைத் துடைத்தேன், மிச்சமிருந்த பொரியைத் தின்றேன். ஸ்கேனைத் திரும்ப ஓடவிடவில்லை; நகல் மட்டும் தினமும் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு வராத நாட்களை என் கைராசி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மயிலாப்பூர் மாடவீதியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கும் பெண் போன் செய்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மட்டும் மூத்தது.

“அண்ணா, கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. துட்டு குட்த்தாதான் தெறப்பேன்னு எவனோ எழுதிகீறான். கல்யாணப் பொண்ணோட அளவு உள்ள கீது.”

பதறாமல் பேசினேன். அந்தப் பதறாமைதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. “அதுக்குத்தாம்மா நாங்க இருக்கோம்” என்று பஸ் ஏறினேன். முந்தின நாள் நகலில் சிவப்பு எதுவும் இல்லை. அப்படியே அவளுடைய கம்ப்யூட்டரில் இறக்கினேன். டீ ஆறுவதற்குள் அதுவும் பூட்டிக்கொண்டது.

“இன்னாண்ணா, மருந்துன்னு சொல்லி அதே வெஷத்த ஊத்திட்ட?”

கையோடு கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். கடைசியாக ஸ்கேன் ஓடியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அதை அவளிடம் சொன்னேன்.

“எவன் நிறுத்துனது?” என்று கேட்டாள்.

“நான்தாம்மா. பூஜைக்கு லீவு விட்டேன்.”

தையல் மிஷின் பெடலில் இருந்த அவள் கால் நின்றது. “என் மிஷினுக்கே நான் அரைநாள்தான் லீவு வுட்டேன்!”

“பொண்ணுக்கு போன் பண்ணி அளவு கேட்டுக்கலாமே.”

“பொண்ணு பிளைட்ல கீது. வெளிநாட்லேர்ந்து வருது. விடிஞ்சா எறங்கும், சாயங்காலம் ரிசப்ஷன். மொத்தம் அஞ்சு ஜாக்கெட்டு. இன்னிக்கு வெட்டுனாதான் உண்டு.”

பழைய ஜாக்கெட் ஒன்றை மாதிரிக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் கல்யாணப் பெண் வீடியோ காலில்தான் அளவு சொல்லியிருந்தாள். நோட்டில் குறித்திருக்கலாம்; ஆனால் ‘நோட்டைத் தூக்கிப்போடு, க்ளவுடு இருக்கிறது’ என்று போன வருஷம் அவளிடம் சொன்னவன் நான்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாள் நகலையும் ஏபிஐ வழியாக அனுப்பினேன். ஒரு நகலுக்கு அரைமணி. நேற்று, இன்ஃபெக்டட். முந்தாநாள், இன்ஃபெக்டட். அளவு குறித்தது போன செவ்வாய். நேராக அதற்குத் தாவினேன்: அதுவும் இன்ஃபெக்டட். திங்கட்கிழமை நகல் க்ளீன். ஆனால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் அளவே வந்திருக்கவில்லை.

“அவ்ளோதாம்மா” என்றேன்.

“இன்னா அவ்ளோதான்? கீழ இத்தினி எழுத்து கீதே, அதெல்லாம் இன்னா?”

“அத நான் படிக்கிறதில்ல. மேல ஒரு வார்த்த பாத்தா போதும்.”

கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மார்பளவு மட்டும் பாத்துட்டு நான் ஜாக்கெட் வெட்டுனா, கை எங்க போவும், கழுத்து எங்க போவும்? முழுசா படி நைனா.”

எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்கு அதில் பாதிதான் புரியும், ஆனால் எண்கள் புரிந்தன. பல ஆயிரம் ஃபைல்களைப் பார்த்திருக்கிறது. கெட்டது ஒன்றே ஒன்று. அதன் பெயரும் அங்கேயே இருந்தது, ஒன்றரை வருஷமாக எனக்காகக் காத்திருந்த மாதிரி. பெயரைக் கேட்டதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பின்கழுத்து டிசைன் என்று செவ்வாய்க்கிழமை யாரோ அனுப்பியதாம். திறந்தால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாளாம்.

அளவு ஃபைலில் கோளாறு இல்லை. முழு நகலையும் இறக்கவே வேண்டியதில்லை. அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்து, தனியாக அனுப்பினேன். சில நொடிகளில் ‘க்ளீன்’ என்று பதில் வந்தது. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு லேப்டாப்பில் திறந்தேன். மார்பு, இடுப்பு, தோள், கைச்சுற்று, கழுத்து இறக்கம், எல்லாம் இருந்தது.

நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதிக்கொண்டாள், பக்கத்துக் கடையில் வாங்கிவந்த புது நோட்டில். அவள் பட்டுத்துணியை விரித்து வெட்டத் தொடங்கியபோது, ஸ்கேனைத் திரும்ப ஓடவிட்டேன். அதற்கு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆபீஸுக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, சுவரில் குங்குமத்தோடு ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன்.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “அஞ்சும் போட்டுப் பாத்தாச்சுண்ணா. கை மட்டும் ஒரு நூல் டைட்டு. பிரிச்சு வுட்டுட்டேன். பொண்ணு ஒரு வாரத்துல சத பிடிச்சிகீது, அதுக்கு நீ பொறுப்பில்ல.”

அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை.