யூலை முதலாம் திகதி இராகு காலம்

மொன்றியலில் ஒவ்வொரு யூலை முதலாம் திகதியும் ஊரே வீடு மாறும். கனடாவுக்கு அது பிறந்தநாள். மற்ற நகரங்களில் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். இங்கே மெத்தை பிடித்துக்கொண்டு படி இறங்குவார்கள். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் முடியவேண்டும் என்பது பழைய காலத்து வழக்கம். முன்பு மே மாதத்தில் இருந்ததாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குழம்புகிறது என்று யூலைக்குத் தள்ளினார்கள். பிள்ளைகளின் படிப்பு தப்பியது, பெரியவர்களின் மண்டைகள்தான் தப்பவில்லை.

நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினொரு வருடம் இருந்தேன். அந்தப் பல்கனியில் நின்று நான் பார்க்காத சண்டை இல்லை. ஒரு ட்ரக் நிறுத்தும் இடத்துக்காக ஒருவன் இன்னொருவனின் மூக்கை உடைத்து, உடைத்த கையாலேயே அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டியதைப் பார்த்தேன். ஒரு பெண் புருஷனின் தொலைக்காட்சியை மேலிருந்து போட்டாள். அது கீழே நின்ற காரின் கண்ணாடிக்குள்ளே போய் உட்கார்ந்தது. காருக்குச் சொந்தக்காரன் அலுமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டு படியேறினான். இந்த ஊரில் பழைய வீடுகளுக்குப் படிகள் வெளியே இருக்கும், இரும்பில், வளைந்து வளைந்து. உள்ளே இடம் மிச்சமாகட்டும், சூடு மிச்சமாகட்டும் என்று அந்தக் காலத்தில் கட்டியவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படியில் பிரிட்ஜை இறக்கும் மனிதனின் கோபத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கே வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் அடுப்பும் பிரிட்ஜும் கூட வராது. அவரவர் சுமக்கவேண்டும்.

நான் மட்டும் சாது என்று சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். வந்த புதிதில் நகர மையத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையல்காரனுக்கு என்னை நாய் என்று பிரெஞ்சில் கூப்பிடுவதில் ஒரு சந்தோஷம். எனக்குப் பிரெஞ்சு விளங்காது என்று நினைத்திருந்தான். ஒருநாள் கொதிக்கிற சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டான், முழங்கை வெந்துபோயிற்று. கையில் இருந்த பெரிய அகப்பையால் அவன் தாடையில் ஒரே போடு. அவன் ஆறு கிழமை உறிஞ்சு குழாயால் குடித்தான். எனக்கு வழக்கு. நீதிபதி, ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால் விட்டுவிடுகிறேன் என்றார். நடந்தேன். ஆனால் அந்த வழக்கால் என் பிரஜாவுரிமை மனு பல வருடம் பிந்திப்போயிற்று.

அதனால்தான் அந்த யூலை எனக்கு முக்கியம். சோதனை எழுதித் தேறிவிட்டேன். அடுத்த மாதம் சத்தியப்பிரமாணத்துக்கு வரும்படி கடிதம் வந்திருந்தது. அதற்குள் பொலிஸ் என்மேல் ஒரு வழக்குப் போட்டால் போதும், எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு நாட்டை விட்டு அனுப்பினாலும் கேட்க ஆள் இல்லை. மனைவி கடிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் கையை ஒரு மாசத்துக்கு வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. நான் வேற ஒண்டும் கேக்கேல்லை."

"ஓம், ஓம்" என்றேன்.

பக்கத்து நகரமான லவாலில் ஒரு சிறிய வீடு பார்த்திருந்தோம். எங்கள் பழைய வீட்டுக்கு வருகிறவர்கள் சென்னைக்காரர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள். வீடு மாறும் நேரத்தில் பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. வைகாசியில் வீடு பார்க்க வந்தபோது மனைவி தேத்தண்ணி கொடுத்து, வடை கொடுத்து, போதாததற்கு வயிற்றைத் தடவியும் பார்த்தாள். பையன் கணினி விளையாட்டுச் செய்யும் கம்பனியில் வேலை. எந்தக் கட்டடம் என்று கேட்டால், மனைவி ஆறு வருடம் ஜீன்ஸ் தைத்த அதே கட்டடம். தையல் மெஷின்களை விற்றுவிட்டு அங்கே கண்ணாடியும் செடியும் வைத்திருக்கிறார்களாம். அவள் ஊசி ஏறிய பெருவிரலைக் காட்டினாள். அவன் மரியாதையாகப் பார்த்தான். வீட்டுக்காரன் எங்களிடம் வாங்கியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகை அவர்களிடம் கேட்டிருந்தான். அவர்களும் வாய் பேசாமல் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள் என்றுதான் அன்றைக்குப் பேசிக்கொண்டோம்.

அந்த வருடம் யூலை முதலாம் திகதி புதன்கிழமை. மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ட்ரக்குடன் விடியவே வந்துவிட்டார். பதினொரு மணிக்குச் சென்னைக்காரர்களின் ட்ரக்கும் வந்து கீழே நின்றது. கூலிக்கு எடுத்த தடியர்கள் இரண்டு பேர் அதன் பின்பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாமான் பாதிதான் இறங்கியிருந்தது. வெயில் கொளுத்தியது. பன்னிரண்டு ஆனதும் மனைவி வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"பன்னிரண்டு அடிச்சிட்டுது. இனி ஒண்டரை மட்டும் ஒரு சாமானும் வாசல் தாண்டப்படாது. புதன்கிழமை, இராகு காலம்."

"தங்கச்சி, ட்ரக்கை ரெண்டரைக்குத் திருப்பிக் குடுக்கோணும்" என்றார் மச்சான்.

"குடுங்கோ அண்ணை. ஆனா ஒண்டரைக்குப் பேந்துதான் தூக்கலாம்."

அடுப்பும் பிரிட்ஜும் கட்டிலும் உள்ளே. நாங்கள் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்தோம். பன்னிரண்டரைக்குப் பையன் படியேறி வந்தான். ஒரு கையில் பித்தளை விளக்கு, மறு கையில் பால் பாத்திரம்.

"சார், ராகு காலம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஆரம்பிக்குது. அதுக்குள்ள நாங்க உள்ள வந்தாகணும். விளக்கை ஏத்திட்டு, பாலைக் காய்ச்சிட்டு வெளிய போயிடறோம். பத்தே நிமிஷம்."

"தம்பி, இராகு காலம் ஏற்கனவே நடக்குது."

அவன் விளக்கைப் பால் பாத்திரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கைத்தொலைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். "நீங்க சொல்றது பொதுவா சொல்ற டைம் சார். அது காலைல ஆறு மணிக்கு சூரியன் உதிக்கிற ஊருக்கு. இங்க அஞ்சு பத்துக்கே உதிக்குது, ராத்திரி ஒன்பது வரைக்கும் வெளிச்சம். நீங்க ஒன்றரைக்குக் கிளம்பினாதான் ராகு காலத்துல கிளம்பறீங்க."

அவன் சொன்னது சரி. இன்றைக்குச் சொல்கிறேன், அட்சரம் பிசகாமல் சரி. இந்த ஊரின் சூரியனைப் பார்த்துப் பார்த்து பதினொரு வருடம் கோடையில் தூக்கம் கெட்ட எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துச் சூரியனை வைத்துக்கொண்டு மொன்றியலில் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். இவன் என் வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுக்கிறான்.

உள்ளே இருந்து மனைவி சத்தம் போட்டாள். "எங்கட அடுப்பு இன்னும் உள்ளுக்கை நிக்குது. எங்கட அடுப்பில அவை பால் காய்ச்சினா எங்களுக்கு என்ன மிஞ்சும்? விடாதேங்கோ!"

"விடமாட்டன் தம்பி. கீழ போங்கோ."

"சார், என் வைஃப் ஒரு மணி நேரமா வெயில்ல உக்காந்திருக்கா. பேசினபடி பன்னிரண்டு மணிக்கு வீடு எங்களுது. சட்டப்படி பார்த்தா நேத்தே எங்களுது." அவன் தோளால் என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தான். நான் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினேன். அவனுக்கும் சூடு ஏறிவிட்டது. "உங்களுக்கு என்ன சார், அகதின்னு வந்தீங்க, கவர்மென்ட்டே எல்லாம் குடுத்துச்சு. நாங்க உழைச்சு வாடகை கட்டறோம்."

வெந்த முழங்கை, இப்போது வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளித் தள்ளிக் காய்த்த உள்ளங்கை, மனைவியின் பெருவிரல் எல்லாம் ஒன்றாகத் தலைக்கேறின. யோசித்து அடித்தேன் என்று சொல்லமுடியாது. யோசிக்காமல் அடித்தேன் என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் முஷ்டியை மடக்கும்போதே கடிதம் ஞாபகம் வந்தது. வந்தும் அடித்தேன். வாயில் விழுந்தது. அவன் பல்லில் என் விரல் மூட்டு கிழிந்தது.

அவன் பின்னால் சரிந்தான். பிடிக்க ஒரு கை இருந்திருந்தால் பிடித்திருப்பான். இரண்டு கையிலும் விளக்கும் பாலும் போனும். வளைந்த இரும்புப் படியில் முதுகு அடித்து, தோள் அடித்து, தலை அடித்து இரண்டாம் மாடி வரைக்கும் போய்க் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றான். பால் படிப்படியாக அவனுக்குப் பின்னால் இறங்கியது. விளக்கு கீழே தெருவரைக்கும் போயிற்று. அவன் இடது கை முழங்கைக்குக் கீழே வேறொரு திசையில் திரும்பியிருந்தது. அவன் மனைவி கத்திய கத்தலை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தடியர்கள் இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். ஒருவன் வாசலுக்குள் சாத்தியிருந்த எங்கள் கட்டில் சட்டத்தை எடுத்து என் தலையில் இறக்கினான். கண்ணுக்குள் வெள்ளையாகிப் போயிற்று. மச்சான் கதிரையால் அவன் முதுகில் அடித்தார். மற்றவன் மச்சானின் கழுத்தைப் பிடித்துக் கம்பியோடு அழுத்தினான். நான் அவன் காதைக் கடித்தேன். ஐம்பது வயதை நெருங்கிய மனிதன், ஆஸ்பத்திரிச் சீருடை அலுமாரியில் மடித்து வைத்திருக்கிற மனிதன், இன்னொருவனின் காதைக் கடித்துக்கொண்டு நின்றேன். சைரன் கேட்டதும் தடியர்கள் என்னை உதறிவிட்டுச் சென்னைக்காரர்களின் சாமானோடு ட்ரக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

வந்தது ஒரு பொலிஸ்காரி. முதலில் பிரெஞ்சில் கேட்டாள், பிறகு ஆங்கிலத்தில். என் தலை இரத்தத்தைக் காட்டி என்ன என்றாள். சாமான் தூக்கும்போது பட்டது என்றேன். பையனைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அவனிடம் குனிந்து, இவர் உன்னை அடித்தாரா, தள்ளினாரா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அவன் மனைவி வாயைத் திறந்தாள். அவன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான்.

"இல்லை. கால் தடுக்கி விழுந்துவிட்டேன்" என்றான்.

பொலிஸ்காரி என்னைப் பார்த்தாள். நான்தான் அடித்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மூச்சு விடவில்லை. அவள் புத்தகத்தை மூடினாள்.

என் வயதில் பாதிதான் இருக்கும் அவனுக்கு, ஆனாலும் எவ்வளவு பெரிய மனது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. அம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் கிட்டப் போய், "தம்பி" என்றேன். அவன் உதடு வீங்கியிருந்தது. தமிழில், மற்றவர்களுக்கு விளங்காது என்று தெரிந்துதான் பேசினான்.

"சார், நான் உங்களைச் சொல்லலை. கேட்டீங்கல்ல? உங்களுக்கு எங்க வீடு தெரியும். ஹாஸ்பிடல்ல நான் இருக்கறப்ப அவ தனியா இருப்பா. உங்க ஆளுங்க யாரையும் அனுப்பிடாதீங்க சார்."

என் ஆட்களா? எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார், அவருக்கு இடுப்பில் நாரி வலி. எங்களைப் பற்றி, எங்கள் பெடியங்கள் இங்கே கும்பல் கும்பலாக வாளோடு திரிந்த காலத்தைப் பற்றி அவனுக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும். இல்லை தம்பி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். நான் கையை உயர்த்தியதும் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

வாசலில் நிற்கிறவனுக்குப் பயந்து பொய் சொல்வது எனக்குத் தெரியாத காரியம் இல்லை. ஊரில் என் அப்பா இரண்டு விலா எலும்பு முறிந்த நிலையில், சைக்கிளால் விழுந்தேன் என்று டொக்டரிடம் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். அடித்தவன் வார்ட்டு வாசலில் துவக்கோடு நின்றான்.

ஒன்றரைக்கு மனைவி நல்ல நேரம் என்றாள். பிரிட்ஜை இறக்கினோம். பால் காய்ந்து படி ஒட்டியது. அவளிடம் நான் இராகு காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து, நான் கனேடியன் ஆனேன். மச்சான் கேக் வாங்கி வந்தார். அவனுடைய பயத்தில் எனக்குக் கிடைத்த நாடு அது. வேறு மாதிரிச் சொல்லி என்னை நானே ஏமாற்ற முடியாது.

பனிக்காலத்தில் ஒருநாள் தமிழ்க்கடையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். நெஞ்சோடு கட்டிய குழந்தை, தள்ளுவண்டியில் பாதிச் சாமான். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகளோடு இரண்டு அடி எடுத்து வைத்தேன். அவள் என்னைக் கண்டாள். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டுக்குப் பொத்தான் கூடப் போடாமல் பனிக்குள் இறங்கி ஓடினாள்.