தந்தி ஆங்கிலத்தில் வரும்

அன்னம்மாள் டீச்சரின் ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடித்தவர் காஞ்சிபுரத்தில் யாரும் இல்லை. ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஐந்து வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு, அதாவது அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி.க்கு, ஆங்கிலம் எடுத்துவந்தார். அப்பா ஏனாத்தூரில் பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளியும் உதவித்தொகையும் மகளை பி.ஏ., பி.டி. வரை கொண்டுவந்து விட்டன. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தியவர்கள்கூட, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத அவரிடம்தான் வந்தார்கள். பிழையை அவரால் பொறுக்கவே முடியாது. எழுத்துப் பிழைக்கு அரை மார்க், இலக்கணப் பிழைக்கு ஒரு மார்க் குறைப்பார். யாருக்கும் சலுகை கிடையாது.

1971 டிசம்பர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பாகிஸ்தானோடு யுத்தம் தொடங்கியது. திங்கட்கிழமை நான்-டீடெயில் புத்தகத்தில் அடுத்த பாடமாக வந்து நின்றதும் ஒரு யுத்தக் கதைதான். எந்தக் காலத்து ஐரோப்பியச் சண்டையோ. மழையில் பதுங்குகுழிக்குள் காவல் நிற்கும் சிப்பாய் ஒருவன் விடிகிற நேரத்தில் குண்டடிபட்டுச் சாகிறான். வருடாவருடம் நடத்திய பாடம், பாதி மனப்பாடம். அன்றைக்கு மட்டும் வாசிக்க வாசிக்க அன்னம்மாளுக்கு வரி தவறிக்கொண்டே இருந்தது. தெருவில் எங்காவது ரேடியோ சத்தம் கேட்டால் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

கதை முடிந்ததும் மூன்றாம் பெஞ்சிலிருந்து வடிவு எழுந்தாள். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வகுப்பில் வாயே திறக்காதவள்.

"டீச்சர், அந்த ஆளு செத்துட்டான்னு அவுங்க வூட்டுக்கு யாரு சொன்னது?"

"அது பாடத்துல இல்லை. உக்காரு."

வழக்கம்போல் கட்டுரை கொடுத்தார்: 'நீ போர்க்களத்தில் இருப்பதாக நினைத்து இருபது வரி எழுது.' மறுநாள் சாயங்காலம் வீட்டில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். முப்பத்தொரு நோட்டிலும் குண்டுமழை பொழிந்தது, ரத்தம் ஆறாக ஓடியது. எல்லாம் கைடு புத்தகத்து வரிகள், பிழையே இல்லை. முப்பத்திரண்டாவது வடிவுடைய நோட்டு.

காலம், எண், ஒன்றும் சரியில்லாத ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'எங்கள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். அம்மா ஆட்டைத் திட்டுகிறாள். ஆடு ஒன்றும் செய்யவில்லை. அப்பாவின் சட்டையைத் துவைக்கிறாள். அது அழுக்காக இல்லை. நம் பக்கம் சேதம் குறைவு என்று ரேடியோ சொன்னது. குறைவு என்றால் எத்தனை பேர் என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.'

பதினேழு பிழைகள். தன் கணக்குப்படி இருபதுக்கு ஐந்துகூடத் தேறாது. நான்கு என்று போட்டார், அடித்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். மறுபடி எடுத்தார். மறுநாள் காலை யோசனையில் பள்ளியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டு நாள் அந்த நோட்டு அவர் பையிலேயே கிடந்தது. வியாழக்கிழமை வடிவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லெட்டர் வந்துதா?"

"தீபாவளிக்கு வந்ததுதான் டீச்சர்."

"கைடைப் பார்த்து எழுதலியா நீ?"

"பாத்தேன் டீச்சர். ரத்தம் ஆறா ஓடிச்சுன்னு எழுத முடியல."

அன்னம்மாள் நோட்டைக் கொடுத்தார். அதில் ஒன்பது மார்க் இருந்தது. எந்தக் கணக்கில் ஒன்பது என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வகுப்பில், போர்க்களத்தை விட்டுவிட்டு இந்த வாரம் அவரவர் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னார். பாதிப் பேர் கைடு இல்லாமல் நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. நெசவுக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, செய்தி நேரத்தில் அப்பா தறியை நிறுத்திவிடுகிறார், அதனால் தறிச் சத்தம் நின்றாலே நாங்கள் ரேடியோ பக்கம் ஓடுகிறோம் என்று எழுதினாள். தலைமையாசிரியை பட்டம்மாள் நோட்டுகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"கேள்வித்தாள் போடறவங்க உங்களைக் கேட்டா போடறாங்க? போர்க்களம்னுதான் கேப்பாங்க. ரிசல்ட் குறைஞ்சா நான் பதில் சொல்லணும்."

"குறையாது மேடம்" என்றார் அன்னம்மாள். சொல்லும்போதே அதில் அவருக்கு நிச்சயமில்லை.

அடுத்த திங்கட்கிழமை வடிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பள்ளி விட்டதும் அன்னம்மாள் முசரவாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

வடிவு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா பொன்னியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"நான்தான் அனுப்பல டீச்சரம்மா. தந்தி வந்தா இங்கிலீஷ்லதான வரும்? தபால்காரன் குடுத்துட்டுப் போயிக்கினே இருப்பான். இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்? இவ ஒருத்திதான் இருக்கா."

அன்னம்மாள் வடிவின் பக்கம் திரும்பினார். அவர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டு நாளாக அந்தத் தந்திக்காகக் காத்திருக்கிறாள்.

"புள்ளையை அனுப்புங்கம்மா. அப்பிடி எது வந்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தனுப்புங்க, நான் படிக்கிறேன். சாயந்திரம் நானே வரேன்."

"நீங்க எந்த ஊரும்மா?"

"ஏனாத்தூர்."

"ஏனாத்தூர்ல எந்தப் பக்கம்?"

அன்னம்மாள் மறைக்காமல் சொன்னார். பொன்னியம்மாள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து போட்டாள்.

"நாளைக்கு மறக்காம வந்துடும்மா" என்றாள்.

புதன்கிழமை வடிவு பள்ளிக்கு வந்தாள். அன்றும் மறுநாளும் அன்னம்மாள் அவளோடேயே பஸ் ஏறினார். சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடை ரேடியோ யுத்தம் முடிந்தது என்றது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். "முடிஞ்சா என்னா, அவருகிட்ட இருந்து ஒண்ணும் வரலியே" என்று பொன்னியம்மாள் வாசலை விட்டு நகரவில்லை.

தந்தி கடைசிவரை வரவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இன்லண்டு கடிதம்தான் வந்தது. தமிழில், வடிவின் அப்பா அப்பாதுரையின் கையெழுத்திலேயே. தொடையில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், பிழைத்துக்கொண்டதாகவும், ஆட்டை விற்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். மே மாதம் கைத்தடியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

வடிவு எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள். ஆனால் அந்த வகுப்பில் ஆறு பேர் ஆங்கிலத்தில் தோற்றுவிட்டார்கள். ஜூன் மாதம் பட்டம்மாள் பதினோராம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அன்னம்மாளை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார். அன்னம்மாள் வாதாடவில்லை. தோற்ற ஆறு பேரின் பெயரையும் அவரால் மறக்க முடியவில்லை. மறுதேர்வுக்குப் படிக்க அவர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். நான்கு பேர் வந்தார்கள்.

"இந்தத் தடவையும் வூட்டுக் கதைதான் எழுதணுமா டீச்சர்?" என்று அவர்களில் ஒருத்தி கோபமாகவே கேட்டாள்.

"ரெண்டும் எழுதலாம்" என்றார் அன்னம்மாள். "முதல்ல கைடை எடு."