கேட்டு வாங்கக் கூடாத மாவு

தாய்மாவைக் கேட்டு வாங்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அது தானாக வர வேண்டும். கேட்டு வாங்கினால் கொடுத்த வீட்டிலும் வாங்கிய வீட்டிலும் மாவு செத்துப்போகும். அதைப் போலவே, மாவு உயிரோடு இருக்கும் வீட்டுக்கு இன்னொரு வீட்டு மாவைக் கொண்டுபோகவும் கூடாது. அது அந்த வீட்டு மாவுக்குச் சாவு சொல்லி அனுப்புவதற்குச் சமம். இந்த இரண்டையும் நான் ஞானோபதேசத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாது என்பது திருச்சபையின் கட்டளை. மாவைக் கேட்கக் கூடாது என்பது அதற்கும் முந்தைய ஏதோ ஒரு கட்டளை. சிறு வயதில் நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

தாய்மாவு என்று நாங்கள் சொன்னது இட்லி மாவைப் போலப் புளித்ததன்று. இலேசான தித்திப்பும், பழம் கனிந்து வெடிக்கும்போது எழும் வாசமும் கொண்டது. அம்மாவும் சித்தியும் கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில், கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தபோது, இருவருமாகச் சேர்ந்து அதை உண்டாக்கினார்கள். திருநாளுக்கு ஆப்பம் சுடக் கள் வேண்டும். நாட்டிலேயே மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் ஜில்லாவில்தான். கள்ளுக்கு எங்கே போவது? உலர்ந்த திராட்சையைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டி, அடுப்புக்கு எட்டாத மூலையில் வைத்தார்கள். ஓரிரு நாள் அது சும்மா இருந்ததாம். பிறகு திராட்சைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, சுற்றிலும் நுரை கட்டியதாம். அந்தத் தண்ணீரை வடித்து, மைதாவும் சர்க்கரையும் கலந்து வைக்க, அது மூச்சு விட்டு எழும்பியிருக்கிறது. அதன் பின் அன்றாடம் ஒரு கை மைதா, ஒரு கரண்டி சர்க்கரை. வளரும் மாவில் பாதியை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததை ரொட்டியாகச் சுடலாம், யாருக்காவது கொடுக்கலாம். முழுவதையும் வைத்துக்கொள்ள மட்டும் முடியாது. மீந்து நிற்பதுதான் தாய்.

அம்மாவுக்கு மேட்டூரில் வாழ்க்கைப்பட நேர்ந்தது. அப்பாவுக்கு அணையின் பவர் ஹவுஸில் வேலை. வரிசையாகக் கட்டிய குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. ஜாடி அம்மாவோடு வந்தது. இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தகரக் கிண்ணத்தில் மாவை வைத்து, மூடியின்மீது கங்குகளை அள்ளிப்போட்டு அவள் சுட்ட ரொட்டியின் வாசம், வரிசையின் கடைசி வீடுவரை போகும். எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாள் பக்கத்துக் கிராமத்துக்காரி. முதன்முதலில் அந்த ஜாடியை மோந்து பார்த்த நாளில் அவள் பால் அளப்பதையே நிறுத்திவிட்டாளாம்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்காரரு கவர்மெண்டு வேலையில இருக்காரு. நீங்க உள்ள என்னத்தக் காச்சறீங்க?"

"ரொட்டிக்கு மாவுங்க."

"மாவா? இந்த வாசத்துக்கு எங்க ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரு உங்க வாசல்ல வந்து உக்காந்துக்குவாங்க. போலீசு வந்தா நான் பாக்கலீங்க சாமி, எனக்குக் கண்ணு தெரியாது."

அதன் பின்பு அவள் கேட்காமலே அம்மா அவளுக்கு ரொட்டித் துண்டு கொடுப்பது வழக்கமாயிற்று. "போலீசுக்கு லஞ்சம்" என்று சொல்லி வாங்கிக்கொள்வாள்.

சித்தியின் கல்யாணம் எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பாவுக்குச் சேலத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அம்மா மேட்டூரிலிருந்து பஸ்ஸில், மாவு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு சென்றாள். வழியெல்லாம் மாவு பொங்கித் துணியை மீறி வழிந்து, அவளுடைய புதுச் சேலையில் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் சேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதி மாவைச் சித்தியின் புது ஜாடிக்கு மாற்றிக் கொடுத்தபோது, அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: "இனி இது உன்னோடது. நான் கேக்க மாட்டேன்." சித்தி சிரித்தபடி, "நானும் கொண்டுவர மாட்டேன்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் எனக்கு விளங்காத வேடிக்கை ஒன்று இருந்தது. குழந்தையாகிய நான் அதை ஒரு சடங்கின் மந்திரம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுகாலம் தொடங்கியதும் அப்பாவுக்கு டைபாய்டு கண்டது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து, ஒரு கட்டத்தில் அவர் எங்களை யாரென்று கேட்கத் தொடங்கினார். அன்று காலைப் பூசையிலிருந்து திரும்பிய அம்மா, சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் எடுத்துப் பால்காரம்மாளிடம் கொடுத்துவிட்டாள். அவர் பிழைத்து எழ வேண்டும் என்று, ஈஸ்டராகிய பாஸ்குத் திருநாள்வரை இந்த வீட்டுக்குள் தித்திப்பு என்று ஒன்று நுழையாது என்று பொருத்தனை செய்திருந்தாள். குழந்தையான எனக்கும் விலக்கில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த குளுக்கோஸ் டப்பா ஒன்று மட்டும் மருந்தலமாரியில் இருந்தது. மருந்து, தித்திப்பு ஆகாது என்பது அவள் முடிவு.

மாவின் நினைவு அவளுக்கு வராமல் இல்லை. வெறும் மைதாவைப் போட்டுப் பார்த்தாள். மாவு முதலில் சோர்ந்தது; பிறகு புளித்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கட்டியது. பால்காரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க அம்மிணி, அந்த டப்பாவுல இருந்து ரெண்டு கரண்டி இதுக்குப் போட்டா சாமி கண்ணக் குத்திருமா?"

"அது அவருக்கு மருந்துங்க."

"இதுக்கும் சீக்குத்தானுங்களே?"

அம்மா சிரித்தாள். அந்தத் தபசுகாலத்தில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு முறைதான். ஆனால் டப்பாவைத் தொடவில்லை. சர்வேசுரனிடம் பேசி முடித்த பேச்சில் ஓரமாகக் கொஞ்சம் கிள்ளி எடுப்பது அவளால் ஆகாத காரியம். அப்பாவின் படுக்கையை விட்டு அசைய முடியாத நாட்கள் வந்தன; மைதா போடவும் ஆளில்லை. மேட்டூர் வெயில் அப்போதே ஏறிவிட்டது. ஒரு நாள் துணியை அவிழ்த்தபோது மாவின்மேல் இளஞ்சிவப்பில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அம்மா அதைக் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினாள். ஜாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அப்பா அதே வாரத்தில் கண் தெளிந்து கஞ்சி கேட்டார்.

ஆகையால் அவளால் வருந்த முடியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. கொடுத்ததை நினைத்து அழுதால், கொடுத்தது கொடுத்ததாகாது. பொருத்தனையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்தாள். சொன்னால் அது முறையிடுவதுபோல் ஆகிவிடுமாம்.

வெயிலின் உச்சத்தில் சித்தி அப்பாவைப் பார்க்க வந்தாள். வந்தவள் கைகால் கழுவிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். அவள் கண் நேரே மூலைக்குப் போனது. ஜாடி அங்கேதான் இருந்தது. அதில் அம்மா மாவடு போட்டிருந்தாள்.

"ஜாடியில என்னக்கா?"

"ஊறுகாய்."

"ஓ. நல்லா ஊறியிருக்கா?" என்றாள் சித்தி.

"ஊறிக்கிட்டு இருக்கு."

"மாவடுன்னா எனக்குக் கொஞ்சம் குடேன்."

"எடுத்துக்கோ. அது கேட்டு வாங்கலாம்."

இருவரும் அதன் பிறகு விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, யாராவது ஒருவர் மாவைப் பற்றி இன்னும் ஒரு சொல் பேசுவார் என்று காத்திருந்தேன். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தியின் முகம் வந்தபோது இருந்ததுபோல் இல்லை. அம்மா அவளுக்கு மாவடுவை ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். "வாரேன் அக்கா" என்றாள் சித்தி. "வாடி" என்று சொல்லிவிட்டு, பஸ் திரும்பும்வரை அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா புது மாவு உண்டாக்கிப் பார்க்காமல் இல்லை. திராட்சை ஊறப்போட்டாள், நுரைத்தது, ரொட்டியும் எழும்பியது. அப்பா இரண்டு துண்டு தின்று நன்றாக இருக்கிறதென்றார். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "இது வேற" என்றாள். அத்தோடு அதற்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள்.

கிறிஸ்மஸ் வந்தது. சித்தி சேலத்திலிருந்து ரொட்டி கொண்டுவந்தாள். ரொட்டி கொண்டுவரலாம், அதற்குத் தடையில்லை. அம்மா அதை உடனே அறுக்கவில்லை. கையில் ஏந்தி, அடிப்பக்கத்தைத் திருப்பி, மோந்து பார்த்தாள். குழந்தையின் உச்சியை மோப்பதுபோல் இருந்தது. பிறகு எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தனக்கு ஓரத்துண்டை எடுத்துக்கொண்டாள். ஆண்டுதோறும் இப்படியே நடந்தது. சித்தி ரொட்டியைக் கொடுத்துவிட்டு, அம்மா தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா தின்று முடித்து, "நல்லா வந்திருக்கு" என்பாள். சித்தி தலையசைப்பாள்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு திருநாள் முடிந்து சித்தி போன பின்பு சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தபால்காரன் வைக்கணும் போல இருக்கே! நான் கேக்கறேன். நான்தான் உங்க சட்டத்துக்கு வெளியில இருக்கிறவனாச்சே."

"வேண்டாங்க."

"ஒரு கரண்டி மாவு. அதுக்கு இவ்வளவா?"

"நீங்க எழுந்து நடமாடறதே எனக்குப் போதும்" என்றாள் அம்மா.

மாவு தன் பொருட்டுப் போனது என்பதை அப்பா அன்றுதான் முழுதாக உணர்ந்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் ரொட்டியை அவர் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் துணிக்கொடியின் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து, பின் எழவில்லை. நோய் என்று எதுவும் அவளுக்கு இருந்ததில்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். நான் சேலம் வழியாக ஊர் வந்து சேர்வதற்குள் சித்தி வந்துவிட்டிருந்தாள்.

அடக்கமெல்லாம் முடிந்து, உறவினர் கிளம்பிய பிற்பகலில், சித்தி அடுக்களையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஜாடியை மூலையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்திருந்தாள். அதில் அந்த ஆண்டும் மாவடு இருந்தது. உள்ளே போன என்னிடம் சொன்னாள்:

"இதுல போய் ஊறுகாய் போட்டுட்டாளேன்னு எனக்கு அன்னிக்கு எவ்வளவு வருத்தமா இருந்துச்சு தெரியுமாடி? நம்மதெல்லாம் போதும்னு அக்கா முடிவு பண்ணிட்டாள்னு நெனச்சேன்."

பொருத்தனையைப் பற்றிப் பேசக் கூடாதென்று அம்மா போட்ட தடை அம்மாவோடு போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் காய்ச்சலையும், பொருத்தனையையும், பால்காரம்மாளிடம் போன சர்க்கரையையும், பூஞ்சணம் பிடித்த மாவையும் சித்தியிடம் சொன்னேன். சித்தி ஜாடியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் கேட்டாள். நான் முடித்ததும், "சர்க்கரை இல்லாமயா செத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மா உங்க கிட்டக் கேட்டிருப்பாங்க சித்தி. அந்தக் கட்டளை இருந்ததாலதான்..."

"எந்தக் கட்டளை?"

"கேக்கக் கூடாதுங்கறது. முன்னோர்..."

சித்தி அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஓர் ஒலி எழுப்பினாள். பிறகு அந்தக் கட்டளையின் வரலாற்றைச் சொன்னாள். சேலத்துப் பின்தெருவில் அவர்களுக்கு எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தாளாம். மாவு வாங்கிக்கொண்டு போவாள். தாய்க்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் முழுவதையும் ரொட்டியாகச் சுட்டுவிட்டு, மறு வாரம் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். அவளைத் தவிர்க்க, இரண்டு பெண்களும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கேட்டு வாங்கினால் இரண்டு வீட்டு மாவும் செத்துப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை நம்பிவிட்டாள். பிறகு ஒரு நாள் எங்கிருந்தோ கெட்டுப்போன மாவைக் கொண்டுவந்து, இதற்குப் பதில் உங்கள் மாவைத் தாருங்கள் என்று நின்றாளாம். அன்று இரண்டாவது கட்டளை பிறந்தது.

"அம்மாவுக்கும் அது விளையாட்டுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? போட்டதே அவதானே. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." சித்தி முந்தானையால் ஜாடியின் கழுத்தைத் துடைத்தாள். "யாரு முதல்ல சிரிக்கிறதுங்கறதுலதான் எல்லாம் நின்னு போச்சு."

அடுத்த மாதம் அவள் மாவைக் கொண்டுவந்தாள். யாரும் கேட்கவில்லை. மாவடுவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைப் பலமுறை கொதிநீர் ஊற்றிக் கழுவினோம். ஆனாலும் உப்பின் வாசம் முழுதாகப் போகவில்லை. அதிலேயே வைத்தோம். மாவு எழும்பியது. நான் சுட்ட முதல் ரொட்டியை அப்பாவிடம் கொடுத்தபோது, அவர் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "உங்கம்மா சுட்டதுபோல்தான் இருக்கு" என்றார். சித்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாவு சில ஆண்டுகள் இருந்தது. நான் வேலைக்குப் போய், ஊர் மாறி, வீடு மாறியதில் அது எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா போனார், பிறகு சித்தப்பாவும் போனார். சித்திக்கும் அவருக்கும் குழந்தைகள் இல்லை. சித்தி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது, காது கேட்பதில்லை. பிற்பகல்களில் நான் படித்துக்கொண்டிருப்பேன், அவள் சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அந்த இரண்டு வீடுகளிலும் மீதி இருப்பது நாங்கள் இருவர்.