பார்க்காமல் போட்ட கையெழுத்து

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் பெற்றவர்கள் அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் வேண்டாதவளாக வந்தவளின் கையெழுத்துக்காகப் பழைய தபால்தலை சேர்ப்பவர்கள் பிற்காலத்தில் காத்துக் கிடந்தார்கள் என்றால், விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

செங்கல்பட்டு தபாலாபீசில் வருடக்கணக்காகத் தேதி முத்திரை குத்திய கை அது. 1991-ல் ஊரில் நடந்த தபால்தலைக் கண்காட்சியில் அவளுக்கு டூட்டி. கண்ணாடிக்குள் வரிசையாக விக்டோரியா ராணி படம் போட்ட பழைய தபால்தலைகள். சில தலைகளின் மேல் ஒரு சமஸ்தானத்தின் பெயர் கறுப்பில் அச்சாகியிருந்தது. அதை ஓவர்பிரிண்ட் என்பார்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் மதிப்பு. வேண்டா குனிந்து பார்த்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டாள்:

"இன்னா சார், தபால் போய்ச் சேர்ந்தப்புறம் பேரு அடிச்சிகிறாங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் கண்ணாடியைச் சுற்றிக் குனிந்தார்கள். பெயர் அச்சான பிறகுதானே தலை விற்பனைக்கு வரும்? அப்புறம்தானே கடிதத்தில் ஒட்டி முத்திரை குத்துவார்கள்? அங்கேயோ பெயர் முத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சல்லிசாகக் கிடைக்கும் பழைய தலையில் யாரோ பின்னால் அடித்த போலி!

அன்று முதல் அவள் வாக்கு வேதவாக்கு. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய காசும் தபால்தலையும் விற்றுவந்த கணவன் ஜானகிராமன் அதை விடுவானா? 'பார்த்தேன். அசல்' என்று சீட்டு அடித்துக் கொண்டுவந்தான். முதலில் அவள் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். போகப்போக அவன் தபால்தலையைக் காட்டாமல் வெறும் சீட்டை நீட்ட ஆரம்பித்தான்.

"நீ ஆபீஸ் வுட்டு வர்றதுக்குள்ள கிராக்கி பஸ் ஏறிடறான். ஒரு இருவது போட்டு வையி. சரக்க நான் பாத்துக்க மாட்டனா?"

மறுத்தால் மூன்று நாள் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். மகள் தமிழ்ச்செல்வி நடுவில் நின்று அழுவாள். வேண்டா போட்டாள். வருடக்கணக்கில் போட்டாள்.

1999, தை மாதம். மகளின் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. கவுன்டர் மூடும் நேரத்தில் தபால்தலை சேர்க்கும் கூடுவாஞ்சேரி ஆபிரகாம் வாத்தியார் தன் ஆல்பத்தை அணைத்தபடி வந்தார். மனைவிக்கு இதய ஆபரேஷனாம். அந்தச் செலவுக்காக நாளைக்கு மெட்ராஸ் சேகரிப்பாளர் ஒருவருக்கு இதை விற்கப் போகிறாராம்.

"பன்னண்டும் உன் சீட்டோட உன் வூட்டுக்காரர்கிட்ட வாங்கினது. கடைசியா ஒரு தபா பாரும்மா."

வேண்டா லென்ஸை வைத்தாள். முதல் தலையில் பெயர் மேலே, முத்திரை கீழே. இரண்டாவதிலும் அப்படியே. பன்னிரண்டிலும்! அந்தத் தப்பை மறைக்கக்கூட ஜானகிராமன் மெனக்கெடவில்லை. அவள் கையெழுத்து இருக்கும்போது யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

"வாத்தியாரே, குடுக்காதீங்க. அத்தனையும் போலி."

கிழவர் சிரித்தார். "நல்லா கீதும்மா. நல்லத மட்டம்னு சொல்லி அமுக்கறது எல்லா யாவாரியும் பண்றதுதான். நீயுமா? ஜானகிராமனுக்குத் திருப்பி வேணுமாக்கும்?"

பக்கத்தில் கிடந்த தினசரியின் தலைப்பின் மேல் அவள் ஓங்கி முத்திரை குத்தினாள். "சாய்ச்சுப் பாருங்க. எது மேல கீது?"

"முத்திரை."

"இப்ப உங்க தபால்தலைய பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். ஆல்பத்திலிருந்து ஒரு சீட்டை உருவி அவள் முன்னால் வைத்தார். "அப்ப இந்தக் கையெழுத்து யாருது?"

அய்யோ, அந்தக் கேள்வி! திருட்டுக் கையெழுத்து என்று சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் கணவன் மாட்டுவான். நின்ற இடத்தில் நாலு பக்கமும் சுவர் எழும்பியது போலிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை? கல்யாணம்? சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த மெட்ராஸ்காரர் இந்தக் கிழவரைத் திருடன் என்பார்.

"என்னுதுதான். பாக்காமயே போட்டேன்."

"எழுதித் தருவியா?"

பன்னிரண்டு சீட்டின் பின்னாலும் எழுதினாள்: பார்க்காமல் போட்ட கையெழுத்து, இவை போலி. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துப் பெயரைப் போட்டாள். கிழவர் சீட்டுகளை ஆல்பத்துக்குள் செருகிக்கொண்டு ரயிலுக்கு நடந்தார். அந்தச் சீட்டுகளை அவர் ஜானகிராமனிடம் கொண்டுபோவாரா, போலீசுக்கா? தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஜானகிராமன் புதுக்கட்டு சீட்டைப் பேனாவோடு முன்னால் வைத்தான்.

"கல்யாண செலவு கீது. அம்பதா போடு."

"வாத்தியாரு வந்தாரு. எல்லாம் போலின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் சட்டைப் பித்தானில் இருந்த கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து தமிழ்ச்செல்வி துள்ளி வந்தாள். "யம்மா, பத்திரிக ப்ரூஃப் வந்துட்ச்சி. பேரெல்லாம் சரியா கீதான்னு பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்கே அடிக்கணுமாம்."

வேண்டா வாங்கிக்கொண்டாள். ஜானகிராமன் – வேண்டா தம்பதியரின் மகள் என்று அச்சாகியிருந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் நடக்குமா என்று யார் பார்த்துச் சொல்வது? பேனா பக்கத்திலேயே இருந்தது. அவளால் எடுக்க முடியவில்லை.