கழுவக் கூடாத கற்கள்

காவிரியில் சாக்கடையை விட்டவன் நான். அந்தப் பழியை இன்னொருவர் தலையில் போட்டவனும் நான்தான்.

வேண்டுமென்று செய்தாயா என்று கேட்பீர்கள். முதலாவதை, இல்லை. இரண்டாவதை... வேண்டுமென்றுதான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். லாரி கிளீனர், ஹோட்டலில் இலை எடுப்பவன், பச்சைமலையில் கிழங்கு பிடுங்கும் கூலி என்று எதிலும் தரிக்கவில்லை. அறுபதுகளில், திருச்சிக்கு மேற்கே ஆற்றோரம் புதிதாக எழுந்த ஒரு சிறிய காலனியில் வேலை கிடைத்தது. அந்த வீடுகளின் கழிவுநீரையெல்லாம் தெளியவைத்துக் காவிரிக்கு அனுப்பும் இடம்.

எனக்கு மேலே யூசுப் பாய். அவர்தான் வேலை சொல்லிக் கொடுத்தார். வட்டமான பெரிய தொட்டி நிறையக் கருங்கல் ஜல்லி. மேலே சுழலும் குழாய் கழிவுநீரைத் தூவும். கல்லெல்லாம் வழவழவென்று பாசி. முதல் நாள் நான் மூக்கைப் பொத்தியதும் பாய் சிரித்தார்.

"அது அழுக்கு இல்ல தம்பி, அழுக்கைத் திங்கிற ஜீவன். வேலை பாக்குறது அதுதான். நீயும் நானும் வெறும் காவல்."

தலையாட்டினேன். நம்பினேனா? பாசி என்றால் வழுக்கும், தேய்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

தங்கையின் நிக்காஹ்வுக்காக பாய் லீவில் போனார். அந்த வாரம் ஆயுத பூஜை. லாரியில் இருந்த காலத்தில், அன்றைக்கு வண்டியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் டிரைவர் உதைப்பார். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. எங்கள் மேலதிகாரியான இன்ஜினீயர் பூஜைக்கு வருவார், பார்த்து மெச்சுவார் என்ற ஆசையும் இருந்தது... குழாயை நிறுத்தினேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கல்மேல் வாளி வாளியாக ஊற்றினேன். மேல் கற்களைத் துடைப்பத்தால் தேய்த்தேன். சுவருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கற்கள் பளிச்சென்று இருந்தன. இன்ஜினீயர், "பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்கே" என்று பொரி வாங்கிக்கொண்டு போனார்.

சில நாட்களில், தொட்டியிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடை கறுத்தது. வந்த நீர் வந்தபடியே, நாற்றத்தோடு ஆற்றுக்குப் போனது. ஐப்பசி பிறந்துவிட்டது. கீழே ஸ்ரீரங்கத்தில் துலா ஸ்நானத்துக்குக் கூட்டம். அந்த மாதம் பெருமாளுக்குத் திருமஞ்சன நீரும் காவிரியிலிருந்துதான். ஆறு பெரிது, கலந்து போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் ஓடை சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழேயே ஒரு சின்னப் படித்துறை உண்டு. அங்கிருந்த குடிசைகளில் வயிற்றுப்போக்கு கண்டது. எல்லாரும் பிழைத்தார்களா என்று நான் போய்க் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பாய் திரும்பிய காலையில் இன்ஜினீயரும் வந்திருந்தார். பாய் ஒரு கல்லை எடுத்து முகர்ந்தார். முகம் செத்துப்போனது.

"யாருய்யா இதுல பவுடர் போட்டது?" என்றார் இன்ஜினீயர்.

"பாய்தான் சார். ஊருக்குப் போறப்போ போட்டுட்டுப் போனாரு. நான் சந்தனம், மாலை வச்சதோட சரி."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்! யோசிக்கக்கூட இல்லை.

"நான் போடலீங்க சார். போட்டா பாசி செத்துரும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவன் பண்ற வேலையாய்யா இது, பவுடரைக் கொட்டிட்டு லீவுல ஓடுறது?"

அன்றே பாயின் வேலை போயிற்று. தங்கை கல்யாணம் முடிந்த கையோடு.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பாய் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"குழாயை நிறுத்தாத. கல்லு காயக் கூடாது. கொஞ்சங் கொஞ்சமா பாசி திரும்பிரும்." பிறகு என் காக்கி டிராயரைப் பார்த்தார். "இதை மாத்திக்க தம்பி. பவுடர் பட்டு வெளுத்திருக்கு. யாராச்சும் பாத்துருவாங்க."

குனிந்து பார்த்தேன். தொடை முழுக்க வெள்ளைத் திட்டுகள். நிமிர்ந்தபோது அவர் கேட்டைத் தாண்டியிருந்தார்.

அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்... இன்ஜினீயர் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடு தூரம். நான் உள்ளே போய் டிராயரை மாற்றிக்கொண்டு வந்தேன்.