டிரைவர், கேக்குதா?

அண்ணன் ஸ்கேன் அறையிலிருந்து இரண்டாவது முறையும் பாதியில் எழுந்து வந்தபோது, மருத்துவமனையில் கொடுத்த நீல அங்கி அவர் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவ்வளவு குளிரான அறையில் அப்படி வியர்த்த மனிதரை நான் பார்த்ததில்லை. "வேணாம் தங்கச்சி, வீட்டுக்குப் போலாம்" என்றார். சில மாதங்களாக அவருக்கு இடது காது கேட்கவில்லை. தலை வேறு சுற்றியது. காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த நீண்ட குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கிறோம் என்றார்கள். "கண்ண மூடிட்டு உள்ள போறதா? அது இன்னும் மோசம் லா" என்று மறுத்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். இளவயதில் அண்ணன் ராணுவத்தின் கவசப் படையில் டிரைவர். முதல் விடுமுறையில் கறுப்புத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தவர், "நாங்க குதிரைப்படை" என்று பெருமையடித்தார். குதிரை எங்கே என்று கேட்டேன். குதிரை போய் இரும்பு வண்டி வந்துவிட்டது, ஆனால் வேலை அதேதான் என்றார். மற்ற படைகளுக்கு முன்னால் வேகமாகப் போய், எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். விழா நாட்களில் ஈட்டி பிடித்துக் குதிரையில் வர ஒரு சிறு பிரிவை இன்னும் வைத்திருப்பது அந்த ஞாபகத்துக்காகத்தானாம். தொப்பி கறுப்பாக இருப்பது எஞ்சின் எண்ணெய்க் கறை தெரியாமல் இருக்கவாம். ஒரே படையில் ஈட்டியும் எண்ணெயும் இருந்தது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

வண்டிக்குள் மூன்று பேர். டிரைவர் முன்பக்கம், கீழே, தனியாக. மேலே சுழலும் பீரங்கிக் கூண்டில் சுடுகிறவரும் வண்டித் தலைவரும். தலைக்கு மேல் இருக்கும் மூடியைச் சாத்திவிட்டால் டிரைவருக்குத் தெரிவது கைக்குட்டை அளவுக் கண்ணாடியில் தெரியும் பாதை மட்டும்தான். மற்றதெல்லாம் காதில் மாட்டிய கருவி வழியாக வரும் தலைவரின் குரல். அண்ணனுக்குத் தலைவராக இருந்தவர் நிபோங் திபால் தோட்டத்துப் பிள்ளை, எங்களைப் போலவே கத்தோலிக்கர். அண்ணன் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை, பதவியைச் சொல்லித்தான் பேசுவார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் சார்ஜன்.

ஒரு பயிற்சியின்போது மழையில் கரை சரிந்து வண்டி ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைக்குள் இறங்கிவிட்டது. மேலே இருந்த இருவரும் வெளியேறிவிட்டார்கள். டிரைவரின் மூடிக்கு நேர் மேலே பீரங்கிக் குழல் வந்து நின்றதால் அது திறக்கவில்லை. தண்ணீர் அண்ணனின் தாடைவரை ஏறியது. சார்ஜன் மறுபடியும் கூண்டுக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் இருந்த கைச்சக்கரத்தைச் சுற்றிக் குழலை நகர்த்தினார். மூடி திறந்தது.

அண்ணன் பிழைத்து வந்தார். ஆனால் அடைபட்ட எந்த இடத்திலும் அதன்பிறகு அவரால் இருக்க முடியவில்லை. படையை விட்டு வந்து, தண்ணீர்மலைப் பக்கம் பூச்செடி வளர்த்து விற்றார். எத்தனை மாடியானாலும் லிஃப்டில் ஏற மாட்டார். தேவாலயத்தில்கூட வாசலை ஒட்டித்தான் நிற்பார்.

ஸ்கேனுக்கு மூன்றாவது முறையாக நாள் வாங்கிவிட்டு, அண்ணனிடம் சொல்லாமல் சார்ஜனுக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைக் கேட்டவர், "எப்பம்மா ஸ்கேன்? நான் வர்றேன்" என்றார், அவ்வளவுதான். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மருத்துவமனை வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த மெலிந்த முதியவர் அண்ணனுக்குப் புத்தி ஏதும் சொல்லவில்லை. செடிகளைப் பற்றி விசாரித்தார், இன்னொரு முறை போய்ப் பார்ப்போமா என்று மட்டும் கேட்டார்; அண்ணன் அங்கியை மாற்றிக்கொண்டார். பிறகு ஸ்கேன் எடுக்கும் மலாய்ப் பெண்ணிடம் போய், அவன் காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் நான் பேசலாமா என்று மலாயில் கேட்டார். அவள் தயங்கினாள், மேலதிகாரியிடம் கேட்டு வந்து தலையசைத்தாள். என்னையும் இயந்திரத்தை இயக்கும் அறைக்குள் விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் அண்ணனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

சார்ஜன் மைக் பக்கம் குனிந்தார். "டிரைவர், கேக்குதா?"

மேசை ஒலிபெருக்கியில் அண்ணனின் குரல் வந்தது. "கேக்குது, சார்ஜன்."

"மூடியச் சாத்தறோம். நான் மேலதான் இருக்கேன். முன்னாடி செம்மண் ரோடு. பெலான் பெலான், மெதுவா போ."

இயந்திரம் டமடமவென்று சத்தம் போடத் தொடங்கியதும் அண்ணனின் கால்விரல்கள் மடங்கின. சத்தம் ஓய்ந்த ஒவ்வொரு இடைவெளியிலும் சார்ஜன் பாதையைச் சொன்னார். இடது பக்கம் ரப்பர் மரங்கள். அடுத்து ஒரு பாலம். "அகலமான பாலம்தான். தாண்டிட்டியா?"

"தாண்டியாச்சு, சார்ஜன்."

ஒருமுறை அண்ணனின் குரல் உடைந்தது. "சார்ஜன், மூடி..."

"திறக்கும். குழல் பக்கவாட்டுல இருக்கு. நான் பாத்துட்டேன். நீ ரோட்டப் பாரு."

மடங்கிய விரல்கள் மெல்ல விரிந்தன. அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். படம் முழுவதும் பதிவாகிவிட்டது.

முடிவு சொன்ன நாளிலும் சார்ஜன் வந்திருந்தார். கட்டி இல்லை. எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்போதே பழுதான காது, வயதாக ஆக இன்னும் மங்கியிருக்கிறது. தலைச்சுற்றலுக்கு மாத்திரை போதும் என்றார் டாக்டர். அதை இன்னொரு முறை சொல்லும்படி அண்ணன் டாக்டரிடம் கேட்டார். சூலியா தெருவுக்குப் போய் மூவரும் நாசி கண்டார் சோறும் கறியும் சாப்பிட்டோம். அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். மாதக்கணக்கில் அவர் அப்படிச் சாப்பிட்டதில்லை.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அண்ணன் கிளம்பிவிட்டார். சார்ஜனை நிபோங் திபாலில் விட நான் காரை எடுத்தேன். தீவிலிருந்து போகும் கடல் பாலத்தில் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"நான்தான்மா சொல்லணும். அன்னைக்குக் குட்டையில அவனக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். தண்ணி பூந்து கருவி கெட்டுப்போச்சு, பதிலே வரல. செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் சக்கரத்தச் சுத்துனேன். உயிரோட வந்துட்டான், சரி. ஆனா கனவுல நான் கூப்பிடுவேன், அவன் பேசவே மாட்டான். இத்தனை வருஷமா."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபுறமும் கடல் வெயிலில் மின்னியது.

"இப்பவும் அந்தக் கனவு வருதா, சார்ஜன் அண்ணே?"

"வருதும்மா" என்றார். பிறகு சிரித்தார். "ஆனா இப்ப பதில் சொல்றான் லா."