மதகடி விசாரணை

கரவெட்டியில் மதகு, கிணறு என்று எது கட்டுவதானாலும் முதலில் மேசன் தம்பிஐயாவைத்தான் தேடுவார்கள். அதிகம் கதைக்காத மனிதர். சாந்தை விரலில் தேய்த்துப் பார்த்தே சுண்ணாம்பு போதுமா என்று சொல்லிவிடுவார்.

1937ஆம் ஆண்டு ஐப்பசியில், வயல்வெளியைக் கடக்கும் தெருவில், வாய்க்காலுக்கு மேலே வளைவு மதகு ஒன்று கட்ட அரசாங்கத்திடம் ஒப்பந்த வேலையாகக் கொந்திறாத்து எடுத்தார். உடன்படிக்கையை மனைவி கனகாம்பிகைதான் வாசித்துச் சொன்னாள். வேலையில் பிணக்கு வந்தால், அதை மேற்பார்வை செய்யும் ஓவசியர் சொல்வதே முடிவு என்று அதில் ஒரு வரி இருந்தது.

"பிணக்கு வாறதே ஓவசியரோடைதானே. பிறகு அவரே எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது?"

"எல்லாருக்கும் உந்தக் கடதாசிதான்" என்று அவர் கையெழுத்து வைத்தார்.

வளைவு முடிந்த பன்னிரண்டாம் நாள் ஓவசியர் நாகலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"திங்கட்கிழமை பெரிய துரை பாக்க வாறார். வளைவுக்குக் கீழை நிக்கிற முட்டுகளைக் கழட்டும்."

"மழை ஈரம் ஐயா. சாந்து இன்னும் இறுகேல்லை. ஒரு மாதமாவது நிக்கோணும்."

"நான் சொல்லுறன், கழட்டும்."

உதவி மேசன் மார்க்கண்டு பக்கத்தில்தான் நின்றான். தம்பிஐயா தன் கையாலேயே முட்டுகளைத் தட்டி எடுத்தார்.

துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் விடிய, பருத்தித்துறையிலிருந்து கருவாடு ஏற்றி வந்த சந்தியோகுவின் மாட்டுவண்டியோடு வளைவு இடிந்து விழுந்தது. சந்தியோகு கல்லுக்குள் அகப்பட்டு இறந்துபோனார்.

நடந்ததை விசாரிக்கும்படி தம்பிஐயா அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மனுப் போட்டார். உடன்படிக்கைப்படி ஓவசியரே விசாரிப்பார் என்று பதில் வந்தது.

விசாரணை மதகடியிலேயே நடந்தது. முட்டுகளைக் கழட்டச் சொன்னவரே கதிரையில் இருந்து கேள்வி கேட்டார்.

"முட்டுகளைக் கழட்டினது ஆர்?"

"நான்தான். நீங்கள் சொல்லித்தானே ஐயா?"

"நான் சொன்னதைக் கேட்ட ஆக்கள் இருக்கினமோ?"

எல்லோரும் மார்க்கண்டுவைப் பார்த்தார்கள். அடுத்த மதகு வேலை அவனுக்குத்தான் என்று ஓவசியர் முதல்நாளே சொல்லியிருந்தார். "எனக்குக் கேக்கேல்லை" என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

பிழை மேசனுடையது என்று ஓவசியர் எழுதி, தானே ஒப்பமும் வைத்தார். தம்பிஐயாவுக்கு அரசாங்க வேலை அன்றோடு போயிற்று. ஊரும் மெல்ல மெல்ல அவரைக் கூப்பிடாமல் விட்டது.

ஒரு மாதம் கழித்து அவர் சந்தியோகுவின் மனைவி தங்கமுத்துவிடம் போனார். நடந்ததைச் சொல்லிவிட வேண்டுமென்று வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவள் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"நீங்களோ அந்த மதகு கட்டினது?"

"ஓம் பிள்ளை."

திரும்பி நடந்தார்.

"ஓவசியர்தான் கழட்டச் சொன்னதெண்டு ஏன் அவளிட்டைச் சொல்லேல்லை?" என்று வீட்டில் கனகாம்பிகை அழுதாள்.

"சொன்னது அவர்தான். தட்டி எடுத்தது என்ரை கையெல்லோ. மாட்டன் எண்டு நிண்டிருக்கலாம்."

பிறகு அவர் ஒரு சுவர்கூடக் கட்டவில்லை. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளையில் கல் உடைக்கப் போனார். எட்டு வருடம் உடைத்தார். ஒரு மார்கழியில் நெஞ்சுச்சளி கூடி இறந்தார். அவர் ஒருகாலத்தில் மேசனாக இருந்தவர் என்பதைச் சூளைக்காரர்கள் செத்தவீட்டில்தான் அறிந்தார்கள்.